கணினியைத் தொடமாட்டோம் என்று தீர்மானம் போடலாமா?

வாசகர் கேள்வியும் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரின் பதிலும்

கடிதத்தின் சுருக்கம்

கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையில் இந்த வாசகர் 22 ஆண்டுகளாக ஆபரேட்டராக இருக்கிறார். வயது 48. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். சங்கத்தில் இணைச் செயலாளர். ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 180 பேர்; ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனி. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் இதுவரை கையால் எழுதிவந்த பதிவுத் தாளை (பேட்ச் ஷீட்) நிர்வாகம் நிறுத்திவிட்டது. ரியாக்டர் எனும் வேதிவினைக் கலனின் வெப்பநிலை, அழுத்தம், சேர்த்த பொருளின் எடை, நேரம் எல்லாவற்றையும் இனிக் கணினியில்தான் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒரு கணினித் தேர்வு. தேறாதவர்கள் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள் அல்லது விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பயிற்சி ஷிப்ட் முடிந்த பிறகு நடக்கும். அதற்கு ஊதியம் கிடையாது. கூடவே ஒரு படிவம்: மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைச் சம்பளத்திலும் கணக்கு முடிக்கும் தொகையிலும் பிடித்துக்கொள்ளச் சம்மதம்.

சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மூத்தவர்கள், யாரும் கணினியைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போடச் சொல்கிறார்கள். இளையவர்கள் சங்க அலுவலகத்திலேயே வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள். "சந்தாப் பணம் வழக்குக்கும் போராட்டத்துக்கும்தான், டியூஷன் நடத்த அல்ல" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டபோது தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறார் வாசகர். தனக்கே விசைப்பலகை பிடிபடவில்லை என்பதை உறுப்பினர்களிடம் சொல்லவும் அவருக்குக் கூச்சம். வேலை போகுமா, தீர்மானம் போடலாமா, ஊதியமில்லாப் பயிற்சிக்குப் போக வேண்டுமா, சங்க நிதியை இதற்குச் செலவிடலாமா, படிவத்தில் கையெழுத்துப் போடலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள தோழருக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தருகிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தன. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இரவல் கடவுச்சொல்லை இன்றே நிறுத்துங்கள்

"இப்போதைக்குப் பக்கத்து ரியாக்டரில் இருக்கும் ஒப்பந்தத் தம்பிதான் என் பெயரில் பதிந்து தருகிறான். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜுக்கும் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அந்தத் திரை ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் மறுபடி கடவுச்சொல் கேட்கும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு இருக்க வேண்டும். ஷிப்ட் விசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் குறியீட்டைத் தேட வேண்டும். அதற்குள் கேப்ஸ் லாக் விழுந்திருக்கும். சில தடவை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். பின்னால் ரியாக்டரில் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த ஆபரேட்டரும் திரையோடு மல்லுக்கட்ட மாட்டார், தம்பியைத்தான் கூப்பிடுவார். உங்கள் ஆலையில் நீங்கள் ஒருவர் மட்டும் இப்படிச் செய்வதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் சட்டத்தின் பார்வையில் நடப்பது வேறு. காகிதப் பேட்ச் ஷீட்டில் கையெழுத்தைப் பார்த்து எழுதியது யார் என்று சொல்லிவிடலாம். கணினியில் உங்கள் பெயரில் ஏறும் ஒவ்வொரு எண்ணும் நேரத்தோடு சேர்ந்து உங்கள் கையொப்பமாகவே நிற்கும். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தம்பி 72 டிகிரியை 27 என்று பதிந்தால் அது நீங்கள் பதிந்ததுதான். அந்த பேட்ச் கெட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை உங்கள் பெயருக்குத்தான் வரும். அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பும் மருந்து ஆலைகளுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் கொண்டுவந்த மின்னணுப் பதிவு விதி பொருந்தும். ஒரு மின்னணுக் கையொப்பம் ஒரே ஒருவருக்குத்தான், இன்னொருவர் அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது அந்த விதி. தணிக்கைக்கு வருபவர்கள் திரைக்குப் பின்னால் ஒட்டிய சீட்டைத்தான் முதலில் தேடுவார்கள். அன்றைக்கு நிர்வாகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரையாவது காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். அது நீங்களாக இருக்கலாம், அந்தத் தம்பியாகவும் இருக்கலாம். அவனுக்கு உள்விசாரணைகூட நடக்காது. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பான்.

சிறைக்குப் போக நேருமோ என்று பயப்பட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறர் கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்துவதைத்தான் தண்டிக்கிறது. உங்கள் சம்மதத்தோடு, உற்பத்தி தடைபடாமல் இருக்கச் செய்த உதவி அதில் வருவது கடினம். ஆனால் ஆலையின் உள்விசாரணை அந்த நோக்கத்தையெல்லாம் தேடிக்கொண்டிருக்காது. "இன்சார்ஜுக்குத் தெரியும்" என்பது வாய்ப்பேச்சு. அவர் எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

அதனால் இன்று ஷிப்டுக்குப் போனதும் சீட்டைக் கிழித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேகம் குறையட்டும். "நான் இதுவரை இப்படிச் செய்தேன்" என்று தனிப்பட்ட முறையில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகட்டும்: ஆபரேட்டர்களுக்குப் போதிய பயிற்சி இன்னும் தரப்படவில்லை, பயிற்சி முடியும்வரை ஒவ்வொரு ஷிப்டிலும் பதிவுக்கு உதவ ஒருவரை அவருடைய சொந்தப் பெயரிலேயே நியமிக்க வேண்டும், எவரையும் அடுத்தவர் பெயரில் பதியச் சொல்லக்கூடாது. நாளைக்கு யாருக்காவது குறிப்பாணை வந்தால் இந்தக் கடிதம்தான் கேடயம்.

தீர்மானம் ஏன் ஆபத்து

மூத்த தோழர்களின் கோபம் நியாயமானது. ஆலையில் புதிதாக எது வந்தாலும் ஆள் குறைந்ததைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கணினியைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து நடப்பது, பெயர் என்ன வைத்தாலும், சட்டத்தில் வேலைநிறுத்தம்தான். ஒன்றுசேர்ந்து வேலையை மறுப்பது அந்த வரையறைக்குள் வந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலைநிறுத்த உரிமையை இவ்வளவு நெருக்கியிருப்பது தவறு என்பதுதான் என் கருத்து. ஆனாலும் அது சட்டமாக இருக்கும்வரை, சுற்றறிக்கைக்கு எதிராக நம் கையில் இருக்கும் வலுவான வழக்கை ஒரு தீர்மானத்தால் நாமே கெடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்தியாவில் தொழிற்சங்கங்கள் கணினியை எதிர்த்த வரலாறும் அந்தத் தோழர்களுக்கு நினைவிருக்கும். எதிர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கி ஊழியர் சங்கங்கள் 1983-லும் 1993-லும் இந்திய வங்கிகள் சங்கத்தோடு கணினிமயமாக்கல் குறித்தே தனி ஒப்பந்தங்கள் போட்டன. இயந்திரம் எந்த நிபந்தனைகளில் வரும் என்பதை மேசையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். உங்கள் ஆலையிலும் நமக்கு வேண்டியது ஓர் ஒப்பந்தம்.

வேலை போகுமா?

இங்கே உங்கள் கடிதத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. மற்றது தேவையில்லாமல் தைரியம் கொடுக்கிறது.

தைரியத்தை முதலில் சரிசெய்வோம். "100 பேருக்கு மேல் இருப்பதால் அரசு அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் கணக்கு. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 300. 180 பேர் உள்ள உங்கள் ஆலைக்கு அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. நிரந்தரத் தொழிலாளியை வேறு பிரிவுக்கு மாற்றவே முடியாது என்பதும் சரியல்ல. சம்பளமும் தரமும் குறையாமல் ஆலைக்குள்ளேயே இடம் மாற்றும் அதிகாரம் பொதுவாக நிர்வாகத்துக்கு உண்டு. சம்பளமோ தரமோ குறைந்தால் வழக்கு.

இனி பயம். கணினித் தேர்வில் தேறாதது ஒழுங்கீனம் அல்ல. அதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து எடுத்தால் அது ஆட்குறைப்பு. தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும் அது ஆட்குறைப்பே என்று பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். உங்கள் 22 ஆண்டுக்கு அது 330 நாள் ஊதியம். பணிக்கொடை தனி. அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் எடுக்க வேண்டும். அந்த வரிசையை மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களைவிட இளையவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது நிர்வாகத்துக்கு அது சுலபமல்ல.

புதிய தொகுப்பில் இன்னொன்றும் வந்திருக்கிறது. 83-வது பிரிவின்படி தொழிலாளர் மறுதிறன் நிதி ஒன்று அமைக்கப்பட வேண்டும். ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்தை நிர்வாகம் அதில் செலுத்த வேண்டும். அந்தத் தொகை 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். வேலை போன பிறகு 15 நாள் சம்பளத்தில் எந்த மனிதன் புதுத் தொழில் கற்றுக்கொள்வான்? மறுதிறன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, கற்றுத்தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. வேலையில் இருக்கும்போதே கற்பிக்கச் சொல்லிச் சங்கம் வற்புறுத்துவது அதனால்தான் அவசியம்.

இப்போது முக்கியமானது. மேலே சொன்னவற்றில் பணிக்கொடையைத் தவிர எதுவும் வி.ஆர்.எஸ். வாங்கியவருக்குக் கிடையாது. தாமாக முன்வந்து ஓய்வு பெறுவது ஆட்குறைப்பின் வரையறையிலேயே சேராது. வி.ஆர்.எஸ். தொகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே சிலரைத் தனித்தனியாக அழைத்து, "தேர்வில் தோற்று அவமானப்படுவதற்குப் பதிலாக" என்று பேச்சைத் தொடங்குவார்கள். உறுப்பினர்களிடம் சொல்லி வையுங்கள்: சங்கத்துக்குக் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

அந்தச் சுற்றறிக்கையைப் பத்திரமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே எடுங்கள். பணி நிபந்தனைகளை மாற்றுவதற்கு முன் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டிய இனங்கள் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மாற்றம் அதில் ஓர் இனம். "இது வெறும் பதிவு முறை மாற்றம், யாருக்கும் வேலை போகாது" என்றுதான் நிர்வாகம் வாதிடும். தேறாதவர்கள் போகலாம் என்று அவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அந்தத் தாள்தான் நமக்குச் சாட்சி.

ஷிப்டுக்குப் பிறகு, ஊதியமில்லாமல்

நிர்வாகம் கட்டாயப்படுத்தி, நிர்வாகம் சொல்லும் இடத்தில், நிர்வாகத்தின் வேலைக்காக நடக்கும் பயிற்சி வேலை நேரம்தான். சங்கம் இந்த நிலையிலிருந்து இறங்கக்கூடாது. எட்டு மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கினால் தொழிலாளியின் சம்மதமும் இரட்டிப்பு ஊதியமும் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. பயிற்சி என்ற பெயரில் ஒன்பதாவது மணி நேரத்தைச் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த ஜூலை 30-ல் நாம் எந்த முகத்தோடு மாலை போடுவது?

சமரசம் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேலை நேரத்திலேயே பயிற்சி. அதற்கு மேல் பழக விரும்புபவர்களுக்குச் சங்கம் தன் வகுப்பைத் தரும். நிர்வாகம் பாதி, நாம் பாதி என்ற இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலான நிர்வாகங்கள் காது கொடுக்கும். அவர்களுக்கும் தேர்ந்த ஆபரேட்டர்கள் வேண்டும். 22 ஆண்டுகளாக ரியாக்டரின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கும் உங்களை அனுப்பிவிட்டு, விசைப்பலகை மட்டும் தெரிந்த ஒருவரை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்கள் பிளான்ட் மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

சந்தாப் பணத்தில் வகுப்பு நடத்தலாமா?

பொதுக்குழுவில் கேட்ட தோழருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15-வது பிரிவில் இருக்கிறது. வழக்கு, தொழில் தகராறு ஆகியவற்றோடு, உறுப்பினர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் கல்வி உதவி செய்வதையும் சங்கப் பொது நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில் அது சேர்த்திருந்தது. புதிய தொகுப்பு இந்தப் பட்டியலை விதிகளுக்கு விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் சங்க விதிகளில் உறுப்பினர் கல்வி ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவைக் கூட்டித் திருத்துங்கள். கணக்கைத் தனித் தலைப்பில் வையுங்கள். கணினி வாங்கிய ரசீது இல்லாமல் ஆண்டறிக்கை போனால் அந்தத் தோழரின் கேள்வி அடுத்த தடவை புகாராகிவிடும்.

சங்கம் வகுப்பு நடத்துவது புதிய விஷயமும் அல்ல. மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் 1958-லேயே தொடங்கப்பட்டது. இன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தோபந்த் தேங்கடியின் பெயரில் இயங்குகிறது. பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் பல பணியிடங்களில் கற்றலுக்கென்றே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கின்றன. சக தொழிலாளிக்கு என்ன தெரியவில்லை என்று கேட்டு, பயிற்சி ஏற்பாடு செய்து, நிர்வாகத்தோடு நேரம் பேசி வாங்குவது அவர் வேலை. அதற்காக ஊதியத்தோடு நேரம் ஒதுக்கும் உரிமையை 2002-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அவருக்குத் தந்தது. இங்கிலாந்தில் இதற்கான அரசு நிதி 2021 மார்ச்சோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அரசுப் பணத்தை மட்டுமே நம்பிய ஏற்பாடு ஆட்சியாளரின் மனம் மாறினால் தடுமாறும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தப் பிரதிநிதி என்ற யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம். காரணம் எளிது. மேனேஜரிடம் "எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது" என்று 50 வயது ஆள் சொல்ல மாட்டார். தன் ஷிப்டுத் தோழனிடம் சொல்வார்.

வகுப்பில் எதைச் சொல்லித்தருவது என்பதில் பல சங்கங்கள் வழி தவறுகின்றன. கணினி நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து, கணினியின் பாகங்கள், அதன் தலைமுறைகள் என்று முதல் நாள் தொடங்கினால் இரண்டாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். ஆலையில் பார்க்கும் திரையைப் போலவே ஒரு பயிற்சித் திரை கேளுங்கள். தவறாக அழுத்தினாலும் உண்மையான பேட்ச் கெடாது என்ற தைரியம் அதில்தான் வரும். முதல் சில வகுப்புகளில் விசைப்பலகை, கடவுச்சொல், தவறாகப் பதிந்ததைக் காரணம் எழுதித் திருத்தும் முறை ஆகியவை மட்டும் போதும்.

அடுத்ததாக, எக்செல் போன்ற விரிதாளுக்கு அவரவர் சம்பளச் சீட்டையே பாடமாக வையுங்கள். 26 நாள் கணக்கு வைத்திருக்கும் ஆலையில் ஒருவருக்கு மாதம் 20,800 ரூபாய் என்று வையுங்கள். ஒரு கட்டத்தில் அந்தத் தொகை. அடுத்த கட்டத்தில் அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 800. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 100. இரண்டால் பெருக்கினால் மிகைநேர ஊதியம் மணிக்கு 200. இந்த மாதம் 12 மணி நேரம் மிகையாகப் பார்த்திருந்தால் 2,400 வந்திருக்க வேண்டும். சீட்டில் 1,200 என்று இருந்தால், விரிதாள் எதற்கு என்று அதன்பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் தாங்களே திறந்து, பிடித்த 12 சதவீதமும் நிர்வாகத்தின் பங்கும் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு பாடம். சங்கத்துக்கான கடிதங்களைத் தமிழில் தட்டச்சு செய்ய, 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்கும் பிரிந்திருப்பதால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் சீக்கிரம் வரும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் வகுப்புக்கு அழையுங்கள். உங்களுக்குப் பதிந்து கொடுத்த தம்பியையே கற்றுத்தருபவராக வைக்கலாம். இதுவரை சங்கம் அவனுக்கு என்ன செய்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்; அவனை அழைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

அரசுத் திட்டங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்துக்கு 45 வயதைக் கடந்தவர்கள் தகுதியில்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வரம்பு 60 வயது; ஆனால் அந்தத் திட்டமே 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் உதவிகளில் கணினிப் பயிற்சிக்கானதும் உண்டு. அதற்குச் சம்பள வரம்பு இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்தும் ஆண்டுதோறும் பிடிக்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமானால் மத்திய அரசின் நைலிட் நிறுவனத்தின் சி.சி.சி. என்ற அடிப்படைக் கணினிப் படிப்பு இருக்கிறது. குறைந்தபட்சக் கல்வித் தகுதி கேட்பதில்லை. ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவரை ஆலை நீக்காது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கூச்சம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் மகள் சொல்லிக்கொடுக்கும்போது எரிந்து விழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கைபேசியில் காட்டுகிறாள். உங்களுக்குத் தடையாக இருப்பது விசைப்பலகை. ஒரு பழைய விசைப்பலகையை வாங்கி வைத்துத் தினமும் கொஞ்ச நேரம் விரல் பழகுங்கள். வகுப்பின் முதல் நாளில் முதல் மாணவராக நீங்களே பெயர் கொடுங்கள். இணைச் செயலாளரே உட்கார்ந்திருக்கிறார் என்றால் தயங்கி நிற்கும் மூத்தவர்கள் பின்னால் வருவார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன கேட்பது

இரண்டு சங்கங்கள் இருக்கும் ஆலையில் 51 சதவீத உறுப்பினர் பலம் உள்ள சங்கம்தான் பேச்சு நடத்தும் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பேச்சுக்குழு அமையும். ஆகவே உங்கள் ஆலையில் எதிர்ச் சங்கம் இருந்தால், அதோடு இந்த ஒரு விஷயத்துக்காவது சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஆலைக்குள்ளேயே பேசி முடிக்கும், பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவெண்ணால் 18(1) என்று சொல்லும் ஒப்பந்தத்தைவிட, தொழிலாளர் துறைச் சமரச அதிகாரி முன்னால் போடும், நாம் இன்னும் 12(3) என்றே அழைக்கும் ஒப்பந்தம் நல்லது. அது சங்கத்தில் சேராதவர்களையும் கட்டுப்படுத்தும்.

அதில் இவை இருக்க வேண்டும்: பயிற்சி வேலை நேரத்தில், தமிழில், தேறாதவருக்கு மறுபயிற்சியும் மறுதேர்வும், தேர்வைக் காரணம் காட்டி வேலைநீக்கமோ சம்பளக் குறைப்போ இல்லை, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், முதல் ஆறு மாதத்தில் நல்லெண்ணத்தோடு நடந்த பதிவுத் தவறுகள் ஒழுங்கீனம் ஆகா, ஷிப்டுக்கு ஒரு கற்றல் பிரதிநிதி, அவருக்கு வாரத்தில் சில மணி நேரம் ஊதியத்தோடு. எல்லாம் கிடைக்காது. விட்டுக்கொடுக்க நேர்ந்தால் கடைசியாகச் சொன்னதில் நேரத்தைக் குறையுங்கள். வேலைநீக்கமோ சம்பளக் குறைப்போ இல்லை என்பதை மட்டும் விடாதீர்கள்.

படிவம்

"இப்படிப்பட்ட பத்திரமெல்லாம் கோர்ட்டில் நிற்காது, அதனால் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். நிற்காது என்று முன்பு பலரும் சொன்னதுண்டு. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் விலகியவர் வங்கியின் அதிகாரி, சூழ்நிலையும் வேறு. உங்கள் விஷயத்தில் வாதிட நிறைய இருக்கிறது. பயிற்சிச் செலவு எவ்வளவு என்று படிவத்தில் தொகையே இல்லை. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 18-வது பிரிவு தரும் பட்டியலில் பயிற்சிச் செலவு இல்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டபின் வாதாடுவதைவிட, போடாமல் இருப்பது சுலபம்.

ஆனால் படிவத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தால், "பயிற்சிக்கு வர மறுத்தார்" என்று உங்கள் கோப்பில் ஏறிவிடும். அதனால் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதுங்கள்: கணினிப் பயிற்சி பெற நான் முழு மனத்தோடு தயாராக இருக்கிறேன், அதை வேலை நேரத்தில் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன், பயிற்சிச் செலவைப் பிடித்தம் செய்யும் நிபந்தனைக்கு எனக்குச் சம்மதமில்லை, அது குறித்துச் சங்கம் நிர்வாகத்தோடு பேசும். தேதி போட்டு, மனிதவள அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். உறுப்பினர்கள் எல்லோரும் இதே மூன்று வரியை அவரவர் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அதன்பிறகு அந்த நகல்களையும் சுற்றறிக்கையின் படத்தையும் எடுத்துக்கொண்டு சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டால், அது முடியும்வரை இந்தத் தகராறில் அடங்கிய பணி நிபந்தனைகளை சமரச அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உங்களுக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆறு மாதக் கெடுவையும் அப்போது அங்கேயே வைத்துப் பேசிக்கொள்ளலாம்.